பெரியவர் விட்டுச்சென்ற நூல்கள்



திருவண்ணாமலையில் நூல்களைப் பற்றிப் பேசப்புகும் எவரும் அருணகிரிநாதரை விலக்கிவிட்டுத் தொடங்குதல் அரிது. அவர் பாடிய திருப்புகழ்ப் பாடல்கள் பதினாறாயிரம் என்பது மரபுவழிச் செய்தி. இன்று அச்சில் கிடைப்பவை 1300-க்குச் சற்று மிகுதியானவையே. மரபு கூறும் எண்ணை அப்படியே கொள்ள வேண்டுவதில்லை. அதனைப் பாதியாகவோ காலாகவோ குறைத்துக்கொண்டாலும் இழப்புப் பெரிதே. அவ்வளவு பாடல்களையும் பகைவர் கவர்ந்தனர் என்றோ போரில் எரிந்தன என்றோ வரலாறு இல்லை. யாரோ ஒருவர் வீட்டுப் பரணில், யாரோ ஒரு பாட்டனாரின் சுவடிக்கட்டில் இருந்து, அவர் காலத்திற்குப் பின் கேட்பாரற்று இற்றுப்போனவையே அவற்றுள் பலவாதல் வேண்டும்.

எஞ்சியவை கிடைத்த கதையும் ஒரு வீட்டின் கதைதான். தில்லைத் தீட்சிதர்கள் வழக்கொன்றில் திருப்புகழ்ப் பாடல் ஒன்றைச் சான்றாகக் காட்டிய செய்தி வ.த. சுப்பிரமணிய பிள்ளையின் செவிக்கு எட்டியது. நீதித்துறையில் பணியாற்றி மாவட்ட முன்சீப்பாக உயர்ந்தவர் அவர். அப்பாடலின் சுவையில் ஈடுபட்டு ஊர் ஊராகச் சுவடி தேடத் தொடங்கினார். 1890-களில் முதற்பகுதியை அச்சிட்டார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டாம் பகுதி வெளிவந்தது. 1909-இல் அவர் மறைந்தபோது அவருடைய சுவடிகளும் குறிப்புகளும் என்ன ஆகியிருக்கக்கூடும் என்பதை அவையோர் எளிதில் ஊகிக்கலாம். அவ்வாறு ஆகவில்லை. மகன் வ.சு. செங்கல்வராய பிள்ளை தந்தையின் பணியைத் தம் பணியாக ஏற்றார். பாடல்களை மீண்டும் பதிப்பித்தார்; முருகவேள் பன்னிரு திருமுறையாக வகுத்து உரை கண்டார்; தந்தையின் வரலாற்றையும் எழுதினார். தந்தையின் நூல்களுக்கு மகனின் மேசையே வீடாயிற்று.

இத்தகைய பேறு எத்தனை வீடுகளுக்கு வாய்க்கும்? தமிழாசிரியராக இருந்த தந்தைக்குக் கணிப்பொறி வல்லுநராக மகன் பிறப்பதில் குற்றம் ஒன்றுமில்லை. மகளோ மகனோ பெங்களூரில் இரண்டு அறை வீட்டில் வாழ்கின்றனர். அங்கே ஏழு அலமாரி நூல்களுக்கு இடம் ஏது? இதனைப் பிள்ளைகளின் நன்றியின்மை என்று பழிக்கும் பேச்சு இலக்கிய மேடைகளில் அடிக்கடி கேட்கிறது. அப்பேச்சால் ஒரு நூலும் பிழைத்ததில்லை.

திருவண்ணாமலையில் இந்நெருக்கடிக்கு மற்றொரு காரணமும் உண்டு. முழுநிலவு நாளின் கிரிவலக் கூட்டம் 1990-களுக்குப் பின் பன்மடங்கு பெருகியதும், கோயிலைச் சூழ்ந்த தெருக்களின் பழைய வீடுகள் பல தங்கும் விடுதிகளாக மாறின. திண்ணையும் முற்றமும் பரணும் கொண்ட வீடு இடிபடுகையில் முதலில் தெருவுக்கு வருவன பாத்திரங்களும் புத்தகங்களுமே. பித்தளைக்கு விலை உண்டென்பது எல்லார்க்கும் தெரியும். புத்தகம் எடைக்குப் போகிறது. பழைய தாள் வாங்குபவர் தராசை எடுத்து வைக்கும் அந்த அரைமணி நேரத்தில், ஒருவர் நாற்பது ஆண்டுகள் தேடித் தொகுத்தது கலைந்துவிடுகிறது.

முற்காலத்தும் நிலைமை சிறந்திருந்ததாகக் கருத வேண்டா. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் வரகுணபாண்டியரின் ஏடுகள் இருந்தன என்றறிந்து உ.வே. சாமிநாதையர் தேடிச் சென்றபோது, பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாகக் கோயிலைச் சார்ந்தோர் கூறிய செய்தியை அவரே தம் வரலாற்றில் பதிந்துள்ளார். அவர்கள் அதனை அழிவாகவே கருதவில்லை. முறைப்படி செய்த சடங்காகவே கருதினர். ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டவர்களும் அவ்வாறே எண்ணினர். நூல்களை வெறுத்து அழித்தோர் மிகக் குறைவு. பக்தியாலோ, இடமின்மையாலோ, என் செய்வதென்று அறியாமையாலோ அழித்தவரே மிகுதி. ஆதலின், என் செய்வது என்பதே இங்கு முதல் வினா.

இவ்வினாவுக்குத் தமிழகத்தில் கிடைத்த விடைகளுள் மிகவும் ஆழ்ந்து நோக்கத்தக்கது கோட்டையூரில் நிகழ்ந்தது. திருவண்ணாமலைக்கும் அப்பகுதிக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. இவ்வூரில் தோன்றிய ஆதீனமே பின்னாளில் குன்றக்குடிக்குப் பெயர்ந்தது. இன்றும் அது குன்றக்குடித் திருவண்ணாமலை ஆதீனம் என்றே வழங்குகிறது. அக்குன்றக்குடிக்கு அணித்தே காரைக்குடி. காரைக்குடியை அடுத்துக் கோட்டையூர். கல்லூரிகள் பல கண்ட வள்ளல் அழகப்பச் செட்டியார் பிறந்த ஊர் அது. அதே ஊரில், பெருஞ்செல்வமோ பட்டமோ இன்றி, நூல் தொகுப்பதையே வாழ்வாகக் கொண்ட மற்றொருவர் இருந்தார். அவர் ரோஜா முத்தையா.

1940-களில் சென்னைக்குச் சென்று விளம்பரப் பலகை எழுதும் ஓவியராகத் தொழில் புரிந்தவர் அவர். தொழிலுக்கு வைத்துக்கொண்ட ‘ரோஜா’ என்னும் பெயர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. பலகை எழுதிய நேரம் போக மிஞ்சிய நேரம் மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளில் கழிந்தது. அக்கடைகளுக்கு நூல்கள் எங்கிருந்து வந்தன என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். யாரோ ஒருவர் இறந்தார். அவர் வீட்டார் விற்றனர். நூல்கள் கடைக்கு வந்தன. ஒரு தொகுப்புச் சிதறியதால் மற்றொரு தொகுப்பு வளர்ந்தது. சிதறுதல் எல்லாம் சாவு என்று சொல்லிவிட இயலாது. ஆனால் சிதறியதைத் தேடிப் பொறுக்க ஒரு முத்தையா வேண்டும். மூர் மார்க்கெட்டும் 1985-இல் தீக்கு இரையாயிற்று.

1950 அளவில் ஊர் திரும்பிய முத்தையா ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தொகுத்தார். நூல்கள், இதழ்கள், நாடக விளம்பரத் தாள்கள், அழைப்பிதழ்கள், செய்தித்தாள் நறுக்குகள், கடிதங்கள் என யாவும் அவ்வீட்டில் சேர்ந்தன. நூலகர்கள் பொருட்படுத்தாத காலணாப் பாட்டுப் புத்தகங்களையும் அவர் விடவில்லை. உள்நாட்டு ஆய்வாளரும் வெளிநாட்டு ஆய்வாளரும் கோட்டையூர்க்கு வழி கேட்டு வரலாயினர். 1992-இல் அவர் மறைந்தபோது அவ்வீட்டில் இருந்தவை ஏறத்தாழ ஒரு நூறாயிரம் உருப்படிகள்.

அரசு நூலகங்களில் இவை இல்லாமலா போகும் என்று வினவுவோர் உண்டு. அச்சான நூல்களைப் பதிவு செய்ய வேண்டும் என்னும் சட்டம் 1867-இல் வந்தது. கன்னிமாரா நூலகம் 1896-இல் திறக்கப்பட்டது. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் நூல்கள் பெறும் நூலகங்களுள் அதுவும் ஒன்று. ஆயினும் சட்டத்தின் கண்ணுக்கு எட்டாமல் அச்சானவை ஏராளம். சந்தையிலும் முச்சந்தியிலும் பாடி விற்ற சிந்துகள், கொலைக் கும்மிகள், நாடக மேடைப் பாட்டுகள், ஊர்ப் பதிகங்கள், சாதிச் சங்க அறிக்கைகள் ஆகியவற்றைப் பதிவு செய்ய வேண்டுமென்று அச்சிட்டவர்க்கே தோன்றியிராது. அவற்றையே பொருளாகக் கொண்டு ஆ.இரா. வேங்கடாசலபதி ‘முச்சந்தி இலக்கியம்’ எழுதினார். ஒருவர் குப்பை என ஒதுக்கியதை மற்றொருவர் வைத்திருந்தால்தான் அத்தகைய ஆய்வு நிகழும்.

தாளின் இயல்பும் இங்கு நினைக்கத்தக்கது. நன்கு பேணிய பனையோலை முந்நூறு ஆண்டு நிற்கும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவிய மரக்கூழ்த் தாளோ தன்னுள் இருக்கும் அமிலத்தாலேயே பழுத்து நொறுங்குவது. இராமபாணமும் கறையானும் அதற்குத் துணை. ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று பூட்டிவைத்த அறையில் நூல்கள் காத்திருப்பதில்லை; நாள்தோறும் குறைந்துகொண்டே இருக்கின்றன.

கோட்டையூர்த் தொகுப்பின் முன் இருந்த வழிகளை எண்ணிப் பார்க்கலாம். அரியவற்றைத் தனித்தனியே விற்றால் விலை கூடும், தொகுப்பு அழியும். வீட்டிலேயே வைத்துக்கொண்டால் தொகுப்பு நிற்கும், தாள் அழியும். செல்வம் படைத்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று வாங்கிக் கப்பலேற்றினால் தாள் நிற்கும். ஆனால் காரைக்குடியிலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ ஓர் ஆய்வு மாணவி சென்று அதனைத் தொட இயலாது. 

நிகழ்ந்தது இவற்றுள் எதுவும் அன்று. அமெரிக்காவின் சிக்காகோப் பல்கலைக்கழகம் 1994-இல் அத்தொகுப்பை முழுமையாக விலைக்கு வாங்கியது. குறுந்தொகையை ஆங்கிலத்தில் தந்த ஏ.கே. இராமானுஜன் 1993-இல் மறையும் வரை பணியாற்றிய பல்கலைக்கழகம் அது. தமிழ் அதற்குப் புதிதன்று. வாங்கிய நூல்களை அது தன் நாட்டுக்குக் கொண்டுசெல்லவில்லை. மொழி அறக்கட்டளையின் துணையோடு அவை சென்னைக்கு வந்தன. தூசு நீக்கி, அட்டவணைப்படுத்தி, நுண்படம் எடுக்கும் பணி தொடங்கியது. 1996-இல் முகப்பேரில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஆய்வாளர்க்குத் திறக்கப்பட்டது. நுண்படச் சுருள் சிக்காகோவுக்குச் சென்றது. மூலம் தமிழ்நாட்டில் நின்றது. பின்னர் நூலகம் தரமணிக்குப் பெயர்ந்தது. பிறருடைய தொகுப்புகளும் வந்து சேர, அது இன்று பன்மடங்கு பெருகியுள்ளது. 2007-இல் ஐராவதம் மகாதேவனின் முயற்சியால் சிந்துவெளி ஆய்வு மையமும் அங்கே அமைந்தது.

தமிழ்நூல்களை வாங்க அயல்நாட்டுப் பணம் வேண்டியிருந்ததே என வருந்துவோர் உளர். அவ்வருத்தம் நேர்மையானது. ஆனால் அதனினும் முதன்மையாகக் காணத்தக்கது வேறு. நூலின் உடைமை ஒன்று, நூலின் இருப்பிடம் ஒன்று, நூலைப் படிக்கும் உரிமை ஒன்று என மூன்றையும் பிரித்து எண்ண அன்று சிலர்க்குத் தோன்றியது. யாருக்குக் கொடுப்பது என்னும் வினாவோடு நின்றுவிடும் குடும்பங்களுக்கு அந்த எண்ணமே வழிகாட்டி.

விலை பெற்றது குறித்தும் ஒரு சொல். பெரியவரின் நூல்களை விற்பது இழிவு, தானமாகத் தருவதே சிறப்பு என்னும் கருத்து நம்மவரிடை வேரூன்றியுள்ளது. நாற்பது ஆண்டுகள் வீட்டுச் செலவிலிருந்து பிடித்து ஒருவர் நூல் வாங்கினார் என்றால், அதன் சுமையைத் தாங்கியவர் அவ்வீட்டார். அவர்கள் நியாயமான விலை பெறுவதில் இழிவு ஏதுமில்லை. மேலும், விலை கொடுத்து வாங்கிய பொருளைப் பட்டியலிட்டுப் பூட்டிக் காப்பது நிறுவனங்களின் இயல்பு. இலவசமாக வந்த மூட்டை அவிழ்க்கப்படாமலே மாடிப்படிக்குக் கீழே கிடந்த காட்சியைக் காணாத நூலகர் அரியர்.

தானமாகத் தந்தவையெல்லாம் அவ்வாறு கிடந்தன என்றும் சொல்வதற்கில்லை. உ.வே.சா. 1942 ஏப்பிரல் 28-இல் திருக்கழுக்குன்றத்தில் மறைந்தார். உலகப்போர்க் காலம், சென்னையில் குண்டு விழுமோ என்று மக்கள் ஊர்ப்புறம் பெயர்ந்திருந்த ஆண்டு அது. மறு ஆண்டே, 1943-இல், உருக்குமணிதேவி அருண்டேலின் முயற்சியால் அவர் பெயரிலான நூல்நிலையம் அடையாற்றில் பிரம்மஞான சபை வளாகத்தில் தொடங்கிற்று. ஐயரின் சுவடிகளும் அச்சு நூல்களும் அங்கே புகுந்தன. நூல்நிலையம் பின்னர் பெசன்ட் நகரில் தனக்கென ஓர் இல்லம் பெற்றது. ஐயர் திருவல்லிக்கேணியில் வாழ்ந்த ‘தியாகராச விலாசம்’ 2012-இல் இடிக்கப்பட்டபோது தமிழன்பர் பலர் துயருற்றனர். வீடு போயிற்று, ஆயினும் அதனுள் இருந்த ஏடுகள் 69 ஆண்டுகளுக்கு முன்பே வேறு வீடு கண்டிருந்தன.

மறைமலையடிகள் தம் நூல்களைத் தமிழ்மக்களுக்கே உரியவையாக எழுதிவைத்தார். 1950-இல் அவர் மறைந்தார். சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தின் பொறுப்பில் 1958-இல் சென்னை இலிங்கிச் செட்டித் தெருவில் மறைமலையடிகள் நூல்நிலையம் திறக்கப்பட்டது. எட்டாண்டு இடைவெளி. அரை நூற்றாண்டு கழிந்து அதுவும் இடம் பெயர்ந்து கன்னிமாரா நூலக வளாகத்திற்குச் செல்ல நேர்ந்தது. ஒருமுறை வீடு தேடித் தந்தால் கடமை முடிந்துவிடும் என்று எண்ணுவோர் இதனைக் கருதுதல் நன்று. நிறுவனங்களுக்கும் முதுமை உண்டு.

நிறுவனத்திற்குத் தீயும் உண்டு. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 மே 31 இரவில் தொடங்கிக் கொளுத்தப்பட்டபோது எரிந்தவை ஏறத்தாழ 97,000 நூல்கள். அறிஞர் குடும்பங்கள் நம்பிக்கையோடு ஒப்படைத்த தனித்தொகுப்புகளும் அவற்றுள் அடங்கும். கொடுத்தவர்கள் செய்ததில் பிழை எதுவுமில்லை. தங்கள் ஊரின் சிறந்த இல்லத்தையே தேர்ந்தனர். மறுபடி மட்டும் வேறிடத்தில் இல்லை. கோட்டையூர் நூல்களின் நுண்படம் கடல்கடந்து ஒரு கிடங்கில் இருப்பதன் பொருள் யாழ்ப்பாணத்தை நினைக்கும்போதுதான் முழுமையாக விளங்கும்.

இவையெல்லாம் பெரியோர் கதைகள். திருவண்ணாமலையின் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வீட்டில் நூறாயிரம் உருப்படி இராது. முந்நூறோ ஐந்நூறோ இருக்கும். அவற்றுள் பெரும்பகுதி எந்நூலகத்திலும் உள்ள நூல்களே. பாரதியார் கவிதைகளும் திருக்குறள் உரைகளும் நான்கு படிகள் ஏற்கெனவே உள்ளன என்று நூலகர் சொன்னால் வீட்டார் மனம் நோவர். நோக வேண்டுவதில்லை. அவற்றுக்குரிய வீடு ஒரு பள்ளியின் வகுப்பறை அல்லது தமிழ் படிக்கும் ஒரு மாணவியின் கையாகும். பொது நூலகம் இரவல் தருவதற்காக ஏற்பட்டது. விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலில் பொது நூலகச் சட்டம் 1948-இல் சென்னை மாகாணத்தில் வந்ததும் அந்நோக்கத்தோடுதான். ஒருவரின் தொகுப்பை ஒன்றாகவே வைத்துப் பேணுதல் அதன் முதற்கடமை அன்று. அவ்வேறுபாடு அறியாமல் கொடுத்துவிட்டுப் பின்னர் ‘அப்பாவின் அலமாரி எங்கே’ என்று தேடுதல் இருசாரார்க்கும் வருத்தம்.

எது பொதுநூல், எது அரியநூல் என்று பிரிப்பதில்தான் பெரும்பாலோர் தவறுகின்றனர். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ இன்று எக்கடையிலும் கிடைக்கும். ஆனால் 1950 முதல் 1954 வரை இதழில் வாரந்தோறும் வந்த பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, மணியம் வரைந்த படங்களோடும் அக்கால விளம்பரங்களோடும் தைத்துக் கட்டிய தொகுதி எக்கடையிலும் கிடைக்காது. அப்படித் தைத்து வைத்தவர் பல வீடுகளில் பாட்டியார். தாத்தாவின் தடித்த உரைநூல்களை நூலகத்திற்குக் கொடுத்துவிட்டுப் பாட்டியின் கட்டுகளைத் தாள் கடைக்குப் போடும் வழக்கம் படித்த குடும்பங்களிலும் உண்டு. பெண்கள் தொகுத்தவை தொகுப்பு என்றே எண்ணப்படுவதில்லை. சமையற் குறிப்புகள், கோலப் புத்தகங்கள், கிராமபோன் பாட்டுப் புத்தகங்கள், நலுங்குப் பாட்டு எழுதிய நோட்டுகள் ஆகியவை முத்தையாவின் கண்ணுக்குப் பட்டிருந்தால் விட்டிருக்கமாட்டார்.

கையெழுத்துப் படிகளும் கடிதங்களும் வேறு வகை. பொருளுக்கேற்ற இடம் பார்த்தல் அவற்றுக்கு இன்றியமையாதது. இரமணர் தொடர்பான கையெழுத்துப் படிகளையும் ஒளிப்படங்களையும் பாதுகாக்கும் ஆவணக் காப்பகம் இரமணாசிரமத்திலேயே உண்டு. அத்தகைய ஒரு கடிதம் இவ்வூர் வீடொன்றில் கிடைக்குமாயின் அது செல்ல வேண்டிய தொலைவு இரண்டு கிலோமீட்டர்தான். சுவடியாயின் சுவடி நூலகம். நாட்டுடைமை இயக்கம் சார்ந்த துண்டறிக்கையாயின் அதனைத் தேடும் ஆய்வகம். இன்று ஒளிவருடி உண்டு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்கள் பல யாவர்க்கும் கிடைக்கின்றன. நூலைப் பிரிய மனமில்லாத குடும்பம் நூலை வைத்துக்கொண்டு படியை மட்டும் ஊருக்குத் தரவும் இப்போது வழியுண்டு. முத்தையா குடும்பத்தார்க்கு 1992-இல் அவ்வழி இருந்ததில்லை.

ஆனால் எவ்வழி செல்வதாயினும் நூல்களை அலமாரியிலிருந்து எடுப்பதற்கு முன் செய்யவேண்டிய வேலை ஒன்றுண்டு. அதற்குப் பணமும் வேண்டா, புலமையும் வேண்டா. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, நூல்கள் நிற்கும் வரிசையிலேயே பெயர், ஆசிரியர், அச்சகம், ஆண்டு ஆகியவற்றை எழுதுதல். எந்நூலோடு எந்நூலை அடுத்து வைத்தார் என்பதே அவர் எவ்வாறு எண்ணினார் என்பதற்குச் சான்று. வரிசை கலைந்தபின் அதனை எவராலும் மீட்க இயலாது. ஏடுகளுக்கு இடையே செருகிய கடிதமோ பேருந்துச் சீட்டோ இருப்பின் அது எந்நூலின் எப்பக்கத்தில் இருந்தது என்பதையும் குறித்தல் வேண்டும். பள்ளி விடுமுறையில் வீட்டுப் பிள்ளைகள் இருவர் அமர்ந்தால் ஐந்நூறு நூல்களுக்கு நான்கைந்து நாள் போதும். நோட்டின் முதல் பக்கத்தில் தொகுத்தவர் பெயர், அவர் செய்த தொழில், வாழ்ந்த தெரு, எவ்வாண்டு முதல் எவ்வாண்டு வரை தொகுத்தார் என்னும் நான்கு வரிகள் இருக்கட்டும். தெருவின் பெயர் மாறியிருந்தால் பழைய பெயரையும் சேர்த்து எழுதலாம்.